பழைய ரேமோடு புது ரேம் சேரவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் பாளையங்கோட்டையில் எனக்கு வரும் போன்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணாச்சி, நாலு ஜிபி பத்தலைன்னு இன்னொரு ரேம் வாங்கிப் போட்டோம். இப்ப டிஸ்ப்ளேயே வரமாட்டேங்கு." புது ரேமைக் கழற்றினால் சிஸ்டம் ஓடும். உடனே புதுசு கெட்டது என்று முடிவு கட்டிக் கடைக்கு எடுத்துப் போவார்கள். கடைக்காரர் அதைத் தன் சிஸ்டத்தில் போட்டுக் காட்டுவார், அங்கே நன்றாக ஓடும். இரண்டு பேருக்கும் மனத்தாங்கல். இரண்டு பேர் சொன்னதும் உண்மை என்பதுதான் இதில் வருத்தம். தனித்தனியே நல்லதாக இருக்கிற இரண்டு ரேம், ஒரே மதர்போர்டில் சேர்ந்தால் ஓடாமல் போகலாம்.

அதனால் வேறு வேறு ரேமைச் சேர்க்கவே கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கம்பெனி வேறாக இருக்கலாம். 4 ஜிபியும் 8 ஜிபியும் சேரலாம். 2400-ம் 2666-ம் சேரலாம், இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கி ஓடும், அவ்வளவுதான். எந்த வித்தியாசம் பரவாயில்லை, எது ஆகாது என்று சிஸ்டம் காட்டும் அறிகுறியே சொல்லிவிடும்.

கை வைப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் போதாது, வயரையே பிடுங்குங்கள். பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் பக்கம் கொடுக்கப்பட்டிருப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், அப்படி இருந்தால் அணைத்தாலும் கரண்ட் உள்ளே வரும். வயரைப் பிடுங்கியபின் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் கரண்ட் இறங்கிவிடும். லேப்டாப் என்றால் பேட்டரி இணைப்பையும் எடுக்க வேண்டும். அப்புறம் கேபினட்டின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒருதரம் தொட்டுவிட்டு, ரேமை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள். ஆடிக் காற்று வறட்சியாக அடிக்கிற நாட்களில் இதை மறக்கவே கூடாது. கழற்றிய ரேமைப் பாலித்தீன் கவர் மேல் வைக்க வேண்டாம். மர மேசை போதும்.

சிஸ்டம் ஓடும்போது கேபினட்டைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று ஏறுகிறதா? அந்த வீட்டில் எர்த் சரியில்லை. ரேமுக்கு முன்னால் எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

எந்த அறிகுறிக்கும் முதல் சோதனை

ஒரு துண்டுப் பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ரேமுக்கு அ, புதுசுக்கு ஆ என்று பெயர் வையுங்கள். அ-வை மட்டும் முதல் ஸ்லாட்டில் போட்டு ஆன் செய்யுங்கள். அடுத்து அதே ஸ்லாட்டில் ஆ மட்டும். பிறகு ஓடியதை எடுத்து இரண்டாவது ஸ்லாட்டில் தனியாக. கடைசியில் இரண்டும் சேர்த்து. ஒவ்வொரு தடவையும் வந்ததை எழுதுங்கள்.

முதல் ஸ்லாட்டில் அ ஓடி, ஆ ஓடவில்லை என்றால் ஆ கெட்டது, அல்லது அந்த போர்டுக்கு ஒத்துவராதது. இரண்டும் முதல் ஸ்லாட்டில் ஓடி, இரண்டாவதில் எதுவுமே ஓடவில்லை என்றால் குற்றம் ஸ்லாட்டில், அல்லது ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்டில். அங்கே ஒரு பின் வளைந்திருந்தாலும் ஒரு பக்கத்து ஸ்லாட்டுகள் செத்ததுபோல் இருக்கும். தனித்தனியே எங்கும் ஓடி, சேர்ந்தால் மட்டும் ஓடவில்லை என்றால் அதுதான் உண்மையான பொருத்தக் கோளாறு.

இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் ஒரு ரேமையும் கெட்டது என்று சொல்லாதீர்கள். மேலே சொன்ன வரிசை இரண்டு ஸ்லாட் போர்டுக்கு. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ஒற்றை ரேமை, ப்ராசஸர் பக்கமிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுவதே பெரும்பாலான போர்டுகளுக்குச் சரி. இரண்டு ரேம் என்றால் இரண்டாவதும் நான்காவதும்.

ஸ்லாட்டில் உட்காரவே இல்லை

அழுத்தாதீர்கள். ரேமின் கீழ் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். ரேமின் தலைமுறைகளான டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றுக்கும் அந்த வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். டெஸ்க்டாப்பில் டிடிஆர்3-க்கு 240 பின், மற்ற இரண்டுக்கும் 288. லேப்டாப்பில் 204, 260, 262. தலைமுறை மாறினால் எந்த வழியிலும் சேராது. மாற்றித் திருகி அழுத்தி, ஸ்லாட்டுக்குள் இரண்டு பின் கருகிப்போன போர்டு ஒன்று இன்னும் என் மேசையில் இருக்கிறது.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

முதலில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் பல போர்டுகளில் லாக் ஒரு பக்கம்தான். லாக் பக்கம் "டக்" என்று விழுந்துவிடும், மறுமுனை ஒரு நூலளவு தூக்கிக்கொண்டு நிற்கும். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் தங்கப் பின்களின் வரிசை சாய்ந்திருப்பது தெரியும்.

அடுத்து பின்களின் சுத்தம். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் பக்கமிருந்து வரும் சிஸ்டங்களில் உப்புக் காற்றினால் பின்கள் மங்கிப்போய் இருக்கும். வெள்ளை ரப்பரால் லேசாக, ஒரே திசையில் துடையுங்கள். தூளைத் தட்டிவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒருதரம். அழுத்தித் தேய்த்தால் தங்கப் பூச்சே போய்விடும். ஸ்லாட்டை வாயால் ஊதாதீர்கள், எச்சில் பட்டால் அதுவே அடுத்த துரு. முக்கூடல் பக்கம் பீடிக் கணக்கு எழுதும் ஒரு இடத்து சிஸ்டத்தில், ஸ்லாட் நிறைய புகையிலைத் தூள் மெழுகுபோல் அப்பியிருந்தது. மெல்லிய பிரஷ்ஷும் புளோயரும் போட்டு எடுத்ததும் இரண்டு ரேமும் ஓடின. அங்கே புது ரேமுக்கும் பழைய ரேமுக்கும் சண்டையே இல்லை.

சுத்தம் செய்தும் வரவில்லை என்றால் போர்டில் நாணயம்போல் இருக்கும் சிறு பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். பழைய ரேமுக்காக பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) நினைவில் வைத்திருந்த அளவுகள் அழிந்து, இரண்டையும் புதிதாகப் படிக்கும். பேட்டரி 3 வோல்ட்டுக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தால் புதுசு வாங்கிப் போட்டுவிடுங்கள். விடாமல் நீளமாக பீப் அடித்தாலோ, போர்டில் டிராம் (DRAM) என்று எழுதிய விளக்கு எரிந்து நின்றாலோ, சிஸ்டம் ரேமைத் தாண்டவில்லை என்று பொருள்.

இதற்குப் பிறகும் வரவில்லை என்றால்தான் லேபிளைப் படிக்க வேண்டும். இங்கேதான் அதிகப் பேர் பணத்தை இழக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மேலப்பாளையத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. இன்டெல் ஜி41 வகை பழைய போர்டு, டிடிஆர்3, பழைய ரேம் 2 ஜிபி. கல்யாணப் பத்திரிகை சீசனில் பத்தவில்லை என்று, மற்ற இடத்தைவிட மலிவாகக் கிடைத்ததே என்று 4 ஜிபி ஒன்று வாங்கிவிட்டார். போட்டால் இருட்டு. என்னிடம் கொண்டுவந்து இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "தம்பி, இதுலயும் பதினாறு சிப்பு, அதுலயும் பதினாறு சிப்பு. பெறவு என்ன?"

சிப்பின் எண்ணிக்கை ஒன்றுதான். சிப்பின் வகை வேறு. போர்டு ஒரு தடவைக்கு 64 பிட் கேட்கும். பழைய ரேமின் ஒவ்வொரு சிப்பும் 8 பிட் தரும், எட்டு சிப் சேர்ந்தால் 64. பதினாறு சிப் என்றால் இரண்டு அணி. லேபிளில் 2ஆர்எக்ஸ்8 என்று அச்சிட்டிருப்பது இதைத்தான். அவர் வாங்கியதில் ஒவ்வொரு சிப்பும் 4 பிட்தான் தரும், பதினாறும் சேர்ந்துதான் ஒரு அணி. அது 1ஆர்எக்ஸ்4. லேபிளில் அது போடப்படவில்லை. லென்ஸ் வைத்து சிப்பின் மேலிருந்த எண்ணைப் படித்துத்தான் கண்டுபிடித்தேன். இந்த வகையை ஏஎம்டி போர்டுகள் ஏற்கும், இன்டெல் டெஸ்க்டாப் போர்டுகள் ஏற்காது. என்னிடமிருந்த பழைய ஏஎம்டி போர்டில் போட்டதும் முழு 4 ஜிபியும் காட்டியது. அண்ணாச்சி ஒரு நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்லைனில் மிக மலிவாக ஒரு டிடிஆர்3 ரேம் தெரிந்தால், விவரத்தில் "ஏஎம்டிக்கு மட்டும்" என்ற வரி எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஜி41-க்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அதற்கு 2 ஜிகாபிட் சிப் வரைதான் தெரியும். எட்டே சிப்பில் 4 ஜிபி தரும் (சிப் ஒன்றுக்கு 4 ஜிகாபிட்) புது ரேம்களை அது படிக்காது, அல்லது பாதி காட்டும். அந்த போர்டுக்கு 2ஆர்எக்ஸ்8 என்று எழுதிய, பதினாறு சிப் உள்ள 4 ஜிபிதான் வாங்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் இன்னொன்று சர்வர் ரேம். டிடிஆர்3 லேபிளில் வேக எண்ணுக்கு அடுத்து வரும் எழுத்தைப் பாருங்கள். யு என்றால் சாதாரண டெஸ்க்டாப், எஸ் என்றால் லேப்டாப். ஆர் என்றால் சர்வருக்கானது, வீட்டு போர்டில் ஓடவே ஓடாது.

லேப்டாப்பில் பார்க்க வேண்டியது வோல்ட். களக்காட்டில் இருக்கும் எங்கள் மதினி, மகனுடைய பழைய லேப்டாப்புக்கு ஒரு டிடிஆர்3 ரேம் வாங்கிக் கொடுத்தார்கள். அது என் பழைய லேப்டாப்பில் ஓடியது, அவனுடையதில் ஓடவில்லை. டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட். டிடிஆர்3எல்-க்கு 1.35. அவனுடையது சிக்கனமான செலரான் ப்ராசஸர், 1.35 மட்டும்தான் தரும். 3எல் ரேமை 1.5 தரும் போர்டில் போடலாம், ஓடும். 1.5 வோல்ட் ரேமைக் குறைந்த வோல்ட் லேப்டாப்பில் போட்டால் இருட்டு, அல்லது நினைத்த நேரத்தில் நின்றுபோகும். லேபிளில் பிசி3 என்பதற்கு அடுத்து எல் என்ற எழுத்து இருக்க வேண்டும். அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளுக்கு வாங்கும்போது உள்ளே இருப்பதைக் கழற்றி, அந்த எல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

ஆன் ஆகி, ஆஃப் ஆகி, மறுபடி ஆன் ஆகிறது

பயப்பட வேண்டாம். புது ரேமைப் படித்து, வேகத்தையும் மற்ற அளவுகளையும் சோதித்துப் பார்க்கிறது. டிடிஆர்4 போர்டு இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்யும். டிடிஆர்5 முதல் தடவை பல நிமிடம் கறுப்புத் திரையோடு நிற்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடம் தாண்டியும் அப்படியே என்றால் முதல் சோதனைக்குத் திரும்புங்கள்.

8 ஜிபி போட்டேன், 4 தான் காட்டுகிறது

பயாஸில் எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். அங்கேயே 4 என்றால் ஸ்லாட், சுத்தம், சிப் வகை. மேலே சொன்னவைதான்.

பயாஸில் 8 காட்டி விண்டோஸில் குறைந்தால் ரேம் மேல் பழியில்லை. 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் தராது, அதிலும் மூன்று சொச்சம்தான் கைக்கு வரும். பழைய பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் ஓட வேண்டும் என்பதற்காக நம் டிடிபி கடைகளில் பலர் 32 பிட் விண்டோஸ் 7-ஐ விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் காரணம் நியாயமானது. ஆனால் அந்த சிஸ்டத்தில் இரண்டாவது ரேமுக்குச் செலவழிப்பது வீண். 64 பிட்டுக்கு மாறினால்தான் அந்த ரேம் பயன்படும். விண்டோஸ் 7 ஹோம் பேசிக் 64 பிட்டாக இருந்தாலும் 8 ஜிபியோடு நின்றுவிடும்.

64 பிட்டிலும் குறைந்தால் எம்எஸ்கான்ஃபிக் திறந்து, பூட் பக்கத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷனுக்குப் போங்கள். மேக்ஸிமம் மெமரி பெட்டியில் டிக் இருந்தால் எடுங்கள். யாரோ வேகம் கூடும் என்று சொல்லிப் போட்டதாக இருக்கும். ஆன்போர்டு கிராஃபிக்ஸ் கொஞ்சம் ரேமைத் தனக்கென ஒதுக்கிக்கொள்வது இயல்பு, அது குறையில்லை.

வேகம் குறைவாகக் காட்டுகிறது

சிபியு-இசட் என்ற சாஃப்ட்வேர் 1333 என்று காட்டினால் அது 2666 ரேமுக்குச் சரியான கணக்குதான், பாதியைத்தான் அது காட்டும். டாஸ்க் மேனேஜரில் முழு எண் இருக்கும்.

அங்கேயும் குறைவு என்றால் மூன்று காரணம். பழைய ரேம் மெதுவானது. அல்லது ப்ராசஸரின் எல்லை அவ்வளவுதான்: ஏழாம் தலைமுறை இன்டெல்லுக்கு 2400, எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் ஐ5-க்கு 2666. அதில் 3200 ரேம் போட்டாலும் இறங்கித்தான் ஓடும், கெடுதல் இல்லை. அல்லது ரேமின் 3200 என்பது எக்ஸ்எம்பி வேகம் (ரேம் கம்பெனி குறித்து வைத்த கூடுதல் வேகம்), பயாஸில் அதை ஆன் செய்யவில்லை. ஜோடி மாறிய ரேமுக்கு எக்ஸ்எம்பியை ஆன் செய்யாமல் இருப்பதே நல்லது என்பது என் அனுபவம்.

4-ம் 8-ம் சேர்த்தால் டூயல் சேனல் (இரண்டு ரேமையும் ஒரே நேரத்தில் படிப்பது) போய்விடுமா என்று கேட்பார்கள். இன்டெல் போர்டுகளில் முழுதாகப் போகாது. நான்கும் நான்கும் சேர்ந்து 8 ஜிபி டூயலில் ஓடும், மிச்சம் 4 மட்டும் சிங்கிளில் ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்துக்கு இதுவே நல்ல லாபம்.

ஓடுகிறது, ஆனால் திடீரென்று ப்ளூ ஸ்க்ரீன்

டிஸ்ப்ளே வராத சிஸ்டத்தைவிட இதுதான் ஆபத்து. ரேம் தப்பாக வைத்திருப்பதை சிஸ்டம் அப்படியே ஹார்டு டிஸ்க்கில் எழுதிவிடும். அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஒரு பெண் புது ரேம் போட்டு மூன்று வாரம் ஓட்டினார். அவ்வப்போது ப்ளூ ஸ்க்ரீன் வரும், ரீஸ்டார்ட் செய்துகொள்வார். ஒருநாள் ஆய்வேட்டின் நான்காம் இயல் திறக்கவில்லை. பென் டிரைவில் இருந்த நகலும் அதே சிஸ்டத்தில் எடுத்ததுதான். இரண்டு மாதத்துக்கு முந்தைய மெயிலில் இருந்த பிரதியை வைத்து மறுபடி எழுதினார். அதை நினைத்தால் இன்றும் மனசு கேட்கவில்லை. அதனால் ரேம் போட்டபின் முதல் ப்ளூ ஸ்க்ரீன் வந்த அன்றே வேலையை நிறுத்துங்கள். பழைய ரேமை மட்டும் போட்டு, டேலி கணக்கோ படங்களோ எதுவானாலும் வெளியே நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் சோதனை.

ஒரு விதிவிலக்கு உண்டு. ரேம் மாற்றிய முதல் தடவை மட்டும் பிழை வந்து, பிறகு வரவே இல்லை என்றால், விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்தில் இருந்திருக்கும். ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்துவிட்டு ரேமைக் கழற்றுவது நல்ல பழக்கம்.

சோதிக்க மெம்டெஸ்ட்86 ப்ளஸ் இலவசம். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் பிழை எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒன்று இருந்தாலும் தேறவில்லை என்றுதான் பொருள். அதன்பின் இந்த ஊருக்கென்று ஒரு வேலை: அதே சோதனையை மத்தியானம் இரண்டு மணிக்கும் ஓட்டுங்கள். பாளையங்கோட்டையில் அக்னி நட்சத்திர நாட்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு. ராத்திரி சுத்தமாகத் தேறிய ரேம், ஓட்டுக் கூரை அறையில் மதியம் பிழைகளைச் சிவப்பாகக் கொட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

பிழை வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டு ஓட்டுங்கள். எந்த ஸ்லாட்டில் போட்டாலும் ஒரு ரேம் மட்டும் பிழை காட்டினால் அதை மாற்றிவிடுங்கள். எந்த ரேமைப் போட்டாலும் ஒரே ஸ்லாட்டில் பிழை வந்தால் ஸ்லாட். தனியே இரண்டும் தேறி, சேர்ந்தால் மட்டும் பிழை என்றால் எக்ஸ்எம்பியை அணையுங்கள். வேகத்தை ஒரு படி இறக்குங்கள், 2666 என்றால் 2400. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டும் பாருங்கள். பயாஸை அப்டேட் செய்வதும் உதவும், ஆனால் யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடும். நான்கு ஸ்லாட்டிலும் நான்கு விதமான ரேம் போட்டிருந்தால் இரண்டைக் கழற்றிவிடுங்கள். டிடிஆர்5-ல் ஒரே மாதிரி நான்கு போட்டாலே பல சிஸ்டங்கள் 3600-க்கு இறங்கிவிடும்.

செகண்ட் ஹேண்ட் ரேம் என்றால் சிப்புகளின் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது நனைந்த சிஸ்டங்கள் ஏராளம். சிப்பின் ஓரத்தில் காய்ந்த வண்டலோ பச்சைக் களிம்போ தெரிந்தால் வாங்காதீர்கள். கடையில் ஓடினாலும் வாங்க வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனால் வேகம் கூடவில்லை

டாஸ்க் மேனேஜரில் மெமரி பாதிகூட நிரம்பாமல், டிஸ்க் மட்டும் 100-ல் நிற்கிறதா? ரேம் குறைவாக இருந்ததே இல்லை. மதினி மகனுடைய லேப்டாப் அப்படித்தான் இருந்தது. 3எல் ரேம் மாற்றி வாங்கிப் போட்டும் விண்டோஸ் திறக்க நாலு நிமிடம் எடுத்தது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க்) போட்டேன். அன்று சாயங்காலம் மதினி போன் பண்ணினார்கள். "பட்டனை அமுக்கிட்டு அடுப்படிக்குப் போய்ப் பால எறக்கி வச்சிட்டு வாறேன், அதுக்குள்ள தெறந்து கெடக்கு."